முகக்கவசத்தை ஒளி தூய்மை செய்யுமா?

ஒரு முறை அணிந்த முகக்கவசத்தை எறிந்துவிட மனம் ஒப்பாமல், வாசல் கொடியில் வெயில் படத் தொங்கவிட்டு, மறுநாளும் அதனையே அணிந்துகொண்டவர்கள் நம்முள் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கோவிட்-19 நோய் நம் நாட்டில் பரவிய 2020 ஆம் ஆண்டில், ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பொதுப் போக்குவரத்திலும் மக்கள் கூடும் இடங்களிலும் முகக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. அம்மாதம் 15 ஆம் நாள் முதல் மூன்றடுக்கு முகக்கவசம் ஒன்றின் உச்ச விலை 1 வெள்ளி 20 காசு என அரசாங்கம் வரையறுத்தது. ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என 26 நாள்களுக்குக் கணக்கிட்டால் 156 வெள்ளியாகும். தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

அக்கட்டாயம் 2022 செப்டம்பரில் பெரும்பாலான இடங்களில் நீங்கிவிட்டது. ஆயினும் முகக்கவசத்தின் தேவை நீங்கிவிடவில்லை. காசநோய் நம் நாட்டில் இன்னும் ஆண்டுதோறும் 20,000க்கு மேற்பட்டோரைப் பற்றுகிறது. 2015, 2019 ஆம் ஆண்டுகளில் வந்தது போன்ற புகைமூட்டம் மீண்டும் வரலாம். இலையுதிர்வுக்குப் பின் பால்மரங்களில் புதுத் தளிர் விடும் காலத்தில், சாம்பல் நோயைத் தடுக்கக் கந்தகத் தூள் தூவுவோருக்கும் கவசம் வேண்டும். எனவே, “பயன்படுத்திய கவசத்தை ஒளியால் தூய்மை செய்து மீண்டும் அணியலாமா?” என்னும் வினா இன்றும் நம் முன் நிற்கிறது. இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பினாங்கு தந்த மருத்துவர்

முகக்கவசத்தின் வரலாற்றைச் சொல்லும்போது பினாங்கைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. டாக்டர் வூ லியன் தே 1879 மார்ச் 10 ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர் ஒருவரின் மகன். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். தாயகம் திரும்பிய பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். பினாங்கில் மருத்துவத் தொழில் நடத்தினார். அபினுக்கு எதிராகப் பாடுபட்டார். அதன்பின் சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்றுச் சீனா சென்றார்.

1910 டிசம்பரில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகருக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே ஒரு கொள்ளைநோய் மக்களை வாரிக் கொண்டிருந்தது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதாலேயே அந்நோய் பரவும் என்பது அக்கால மருத்துவர் பலரின் எண்ணம். வூ லியன் தே நோயாளிகளை ஆராய்ந்து, இது நுரையீரலைப் பற்றும் வகை என்றும், இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் மூச்சின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நேராகத் தொற்றுகிறது என்றும் கண்டறிந்தார். மூச்சின் வழியே வருவதை மூச்சின் வாயிலிலேயே தடுக்க வேண்டும் அல்லவா? ஆகவே மெல்லிய காஸ் துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சை வைத்துத் தைத்த எளிய முகக்கவசத்தை மருத்துவர், தாதியர், பிணம் அகற்றுவோர் ஆகிய அனைவரும் அணியச் செய்தார். அவருடைய கருத்தை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி கவசமின்றி நோயாளிகளைப் பார்வையிட்டார்; சில நாள்களில் அந்நோய்க்கே பலியானார். அதன் பிறகு ஐயங்கொண்டவர்களும் கவசம் அணியலாயினர்.

ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த அந்நோய் சில மாதங்களில் அடங்கிற்று. கவசம் மட்டுமே அதனை அடக்கவில்லை. நோயாளிகளைத் தனிமைப்படுத்தியமை, ரயில் பயணத்தைக் கட்டுப்படுத்தியமை, இறந்தோர் உடல்களை எரித்தமை ஆகியனவும் சேர்ந்தே வெற்றி தந்தன. 1911 ஏப்ரலில் முக்டன் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடிய கொள்ளைநோய் மாநாட்டுக்கு வூ லியன் தே தலைமை தாங்கினார். பிற்காலத்தில் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960 ஜனவரி 21 ஆம் நாள் தாம் பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கருவி எளிதாயினும் அது ‘எவ்வழி வரும் தீங்கைத் தடுக்கிறது’ என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதனை அறிந்த பின்னரே கருவியை நம்பலாம். முகக்கவசத்திற்குப் பொருந்தும் இவ்விதி, அதனைத் தூய்மை செய்யும் ஒளிக்கும் பொருந்தும்.

புற ஊதாக் கதிர் என்பது யாது?

வானவில்லில் நாம் காணும் நிறங்களுள் ஓர் ஓரத்தில் நிற்பது ஊதா. அதற்கும் அப்பால், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒளி ஒன்று உண்டு. அதுவே புற ஊதாக் கதிர். இதனை அலையின் நீளத்தைக் கொண்டு ஏ, பி, சி என மூன்றாகப் பிரிப்பர். அலை குறுகக் குறுகக் கிருமியை அழிக்கும் ஆற்றல் பொதுவாக மிகும். 280 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுடைய ‘சி’ வகையே கிருமிகளுக்குக் கூற்றுவன். மருத்துவமனைகளில் பயன்படும் பாதரச விளக்குகள் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிரை வெளியிடுகின்றன.

கிருமி எவ்வாறு அழிகிறது? ஒவ்வொரு கிருமியின் உள்ளேயும் அதன் இனத்தைப் பெருக்குவதற்கான மரபுப் பொருள் ஒன்று இருக்கிறது. புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டதும் அதன் இழைகளில் வேண்டாத முடிச்சுகள் விழுகின்றன. முடிச்சு விழுந்த இழையைக் கொண்டு கிருமி தன்னைப் போல் மற்றொன்றை உண்டாக்க இயலாது. பெருக இயலாத கிருமி நோயை உண்டாக்குவதும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பன்று. சூரிய ஒளி கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என 1877இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் காட்டினர். ஒளியைக் கொண்டு தோலைப் பற்றும் காசநோய்க்கு மருத்துவம் செய்த டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், காசநோயாளர் அறையிலிருந்து வரும் காற்றைக் கினிப்பன்றிகள் சுவாசிக்குமாறு செய்து பார்த்தனர். அவற்றுள் பலவற்றை நோய் பற்றியது. ஆனால் புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவை நோயின்றி இருந்தன. எனவே இக்கதிர் கிருமியை அழிக்கும் என்பதில் ஐயமில்லை. ஐயம் எல்லாம், அது முகக்கவசத்தில் உள்ள கிருமியைச் சென்று அடையுமா என்பதில்தான்.

2020இல் மருத்துவமனைகள் செய்தது என்ன?

மருத்துவப் பணியாளர் அணியும் என்-95 என்னும் கவசம், காற்றில் மிதக்கும் 0.3 மைக்ரோன் அளவுள்ள நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கவல்லது. அதன் நடு அடுக்கு மிக நுண்ணிய பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆனது. அவ்விழைகளுக்கு மின்னேற்றம் ஊட்டப்பட்டிருக்கும். சீப்பைத் தலையில் தேய்த்துச் சிறு தாள் துண்டுகளின் அருகே கொண்டு சென்றால் அவை ஒட்டிக்கொள்வதைச் சிறுவர்கள் செய்து பார்ப்பதுண்டு. அதுபோலவே மின்னேறிய இழைகள் நுண்துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன.

2020 மார்ச்சில் உலகெங்கும் இக்கவசத்திற்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஓர் அறையின் குறுக்கே கம்பிகளைக் கட்டி, பயன்படுத்திய என்-95 கவசங்களை அவற்றில் வரிசையாக மாட்டினர். இரு பக்கமும் உயரமான புற ஊதா விளக்குகளை நிறுத்தினர். ஒளியின் அளவைக் கருவி கொண்டு அளந்தனர். ஒவ்வொரு கவசமும் அதற்கு உரியவர் பெயர் எழுதிய தாள் பையில் வந்து, அவரிடமே திரும்பிச் சென்றது. வேறு பல மருத்துவமனைகளும் இம்முறையைப் பின்பற்றின.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இவை யாவும் புதிய கவசம் கிடைக்காத நெருக்கடிக் காலத்தின் ஏற்பாடுகள். என்-95 கவசம் ஒரு முறைப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டது. கவசங்கள் மீண்டும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், அவற்றைத் தூய்மை செய்து மறுபடி பயன்படுத்தும் கருவிகளுக்கு அளித்திருந்த அவசரகால அனுமதிகளை அமெரிக்க அரசாங்கம் 2021 ஜூன் 30 முதல் மீட்டுக்கொண்டது. பஞ்ச காலத்தில் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தோம் என்பதற்காக, அரிசி கிடைக்கும் காலத்திலும் கிழங்கே போதும் என்போமா?

ஒளிக்கும் அளவு உண்டு

“சிறிது நேரம் விளக்கின் கீழ் வைத்தேன்” என்று சொல்வது அளவாகாது. மங்கில் சேரும் பாலை எண்ணிப் பாருங்கள். பால் எவ்வளவு விரைவாகச் சொட்டுகிறது, எவ்வளவு நேரம் சொட்டுகிறது என்னும் இரண்டும் சேர்ந்தே மங்கு நிறைவதைத் தீர்மானிக்கின்றன. ஒளியும் அவ்வாறே. அதன் வலிமையை நேரத்தால் பெருக்கினால் வருவதே அளவு.

2020இல் கவசத் தூய்மையை ஆராய்ந்த அறிவியலாளர் குழுவினர், என்-95 கவசத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல் அளவேனும் ‘சி’ வகைக் கதிர் கிடைக்க வேண்டும் என்றனர். இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம்.

கவசம் இருக்கும் இடத்தில் ஒளியின் வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிவாட் எனக் கொள்வோம். 1 ஜூல் என்பது 1,000 மில்லிஜூல். 1,000ஐ 2ஆல் வகுத்தால் 500 விநாடி. அஃதாவது 8 நிமிடம் 20 விநாடி. இது ஒரு பக்கத்திற்கு மட்டுமே. மறுபக்கத்திற்கும் அதே நேரம் வேண்டும். விளக்கு வலிமை குறைந்ததாகி, அவ்விடத்தில் 0.2 மில்லிவாட் மட்டுமே கிடைத்தால் நேரம் பத்து மடங்காகும். ஒரு பக்கத்திற்கு 5,000 விநாடி, அஃதாவது 1 மணி 23 நிமிடம் 20 விநாடி வேண்டும். சந்தையில் விற்கப்படும் சிறு விளக்கைக் கையிற் பிடித்துக் கவசத்தின் மேல் அரை நிமிடம் அசைத்தால் என்ன பயன் என்பதை இக்கணக்கைக் கொண்டு நீங்களே முடிவு செய்யலாம்.

விளக்கு தொலைவில் இருந்தால் ஒளி மெலியும். விளக்கு பழையதானால் ஒளி மெலியும். விளக்கின் மேல் தூசி படிந்தாலும் மெலியும். இவற்றைக் கண்ணால் அறிய இயலாது. ஏனெனில் கிருமியை அழிக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. நாம் காணும் நீல ஒளி அதன் அடையாளமன்று. நீல நிறத்தில் ஒளிரும் சாதாரண விளக்கும் அவ்வாறே தோன்றும்.

நிழல் விழுந்த இடத்தில் கிருமி பிழைக்கும்

பால்மரக் காட்டில் நண்பகலிலும் வெயில் தரையெங்கும் படுவதில்லை. இலைக் கூட்டத்தின் இடையே புகுந்து புள்ளி புள்ளியாகவே விழுகிறது. வேரோரமும் குழிகளும் இருண்டே கிடக்கின்றன. முகக்கவசத்தினுள் புற ஊதாக் கதிரின் நிலையும் இதுவே. வெளி அடுக்கு, கதிரின் பெரும் பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. உள்ளே செல்லச் செல்லக் கதிர் குறைகிறது. மடிப்பிலும் தையலிலும், மூக்கின் மேல் அழுத்தும் கம்பியின் அடியிலும், வார் இணையும் இடத்திலும் நிழல் விழுகிறது.

கவசத்தின் மேல் வியர்வை உப்பு, தூசி, பாற்கறை, எண்ணெய் ஆகியன படிந்திருந்தால் அவையும் கிருமிக்குக் குடையாகின்றன. இதனாலேயே, கறை படிந்த கவசத்தை ஒளியறைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவிட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. விடியலில் வெட்டத் தொடங்கி வெயில் ஏறும்வரை நிரையில் உழைப்பவரின் கவசம் எவ்வாறு இருக்கும் என்பதை நாம் அறிவோம். மருத்துவமனையிலேயே ஒதுக்கப்படும் நிலையில் அது இருக்கும்.

சுருங்கச் சொன்னால், ஒளி பட்ட இடமே தூய்மை. நிழலில் உள்ள கிருமிக்கு விளக்கு இருந்தும் இல்லாததே. நீர் மடிப்பினுள் ஊறும். சோப்பு நுரை தையலுக்குள் புகும். ஒளியோ நேர்க்கோட்டில் செல்வது. மூலை திரும்பி நுழைய அறியாது.

ஒளியால் இயலாதவை

கிருமி முழுவதும் அழிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒளியால் இயலாதவை மூன்று உண்டு.

முதலாவது, தேய்ந்த கவசத்தைப் புதியதாக்க இயலாது. முகத்தோடு இறுகப் பொருந்துவதே என்-95 கவசத்தின் உயிர். பலமுறை மாட்டிக் கழற்றினால் வார் தளரும், ஓரம் விலகும், விலகிய இடைவெளி வழியே காற்று வடிகட்டப்படாமல் உட்புகும். அதன்மேல் கதிரும் சேர்ந்து பொருளை நலிவிக்கும். அமெரிக்காவில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகுந்த அளவு கதிரை ஏற்ற கவசங்களின் அடுக்குகள் பெரிதும் வலுவிழந்ததைக் காட்டியது. ரப்பரை அறிந்த நமக்கு இது வியப்பன்று. வெயிலில் மறந்துவிட்ட ரப்பர் வளையம் சில நாள்களில் பிசுபிசுத்து வெடித்து அறுந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். குறைந்த ஒளி கிருமியை விட்டுவிடும். மிகுந்த ஒளி கவசத்தைக் கெடுத்துவிடும். இரண்டிற்கும் நடுவே நிற்க அளவுக் கருவி வேண்டும்.

இரண்டாவது, தூசியை அகற்ற இயலாது. புகைமூட்டக் காலத்தில் கவசம் பிடித்த கரித்துகள், ஒளி பட்டாலும் அங்கேயேதான் இருக்கும். கந்தகத் தூளும் அவ்வாறே. துகள் நிரம்பிய கவசத்தில் மூச்சு வாங்குவது கடினமாகும்போது அதனை மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, நஞ்சை அகற்ற இயலாது. இதனைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் ஆண்களும் பெண்களும் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். களைக்கொல்லி உயிருள்ள கிருமியன்று, ஒளியால் கொல்லப்படுவதற்கு. தெளிப்பு வேலையில் நனைந்த கவசத்தை விளக்கின் கீழோ வெயிலிலோ உலர்த்தி மீண்டும் அணிந்தால், அதில் படிந்த நஞ்சை மூக்கின் மேல் கட்டிக்கொண்டதாகவே முடியும். மேலும், மூன்றடுக்குக் கவசமும் துணிக் கவசமும் தெளிப்பு வேலைக்கு உரியவையே அல்ல. அவ்வேலைக்கு எத்தகைய கவசம் வேண்டும் என்பது மருந்துக் கலத்தின் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை; வழங்குவது நிர்வாகத்தின் கடமை.

வெயிலில் உலர்த்தினால் போதாதா?

வெயில் நல்லதே. ஆயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். சூரியனிலிருந்து புறப்படும் ‘சி’ வகைக் கதிர் வானத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோனாலும் காற்றாலும் தடுக்கப்பட்டுவிடுகிறது. அது தரையை எட்டுவதில்லை. அவ்வாறு தடுக்கப்படாவிட்டால் உயிர்கள் வாழ இயலாது. நம்மை வந்தடைவது ‘ஏ’ வகையும் சிறிதளவு ‘பி’ வகையுமே.

‘பி’ வகைக்கும் கிருமியை அழிக்கும் ஆற்றல் உண்டு. கோடைகால நண்பகல் வெயிலுக்கு இணையான செயற்கை ஒளியில், எஃகுத் தகட்டின் மேல் உலர்ந்த உமிழ்நீர் போன்ற திரவத்தில் இருந்த கோவிட் கிருமியில் 90 விழுக்காடு ஏறத்தாழ 7 நிமிடத்தில் செயலிழந்ததை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனினும் எஃகுத் தகடு வழுவழுப்பானது. கவசத்தைப் போல் அடுக்கும் மடிப்பும் உடையதன்று. மேலும் 90 விழுக்காடு அழிந்தது என்றால் 10 விழுக்காடு எஞ்சியது என்பது பொருள். 1,000 கிருமியில் 100 பிழைத்திருக்கும். மருத்துவமனைத் தூய்மை முறைகளில் 1,000க்கு 1 என்ற அளவுக்கேனும் குறைய வேண்டும் என எதிர்பார்த்தனர்.

ஆகவே துவைத்த துணிக் கவசத்தை வெயிலில் உலர்த்துவது நன்று. துவைக்காத கவசத்திற்கு வெயில் மட்டுமே போதும் என எண்ணுவது தவறு.

வீட்டில் விளக்கு வைப்பதன் இடர்கள்

‘சி’ வகைக் கதிர் கிருமிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு காட்டாது. கண்ணில் பட்டால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும், நீர் வடிதலும், கடும் வலியும் தோன்றும். கண்ணாடி அணியாமல் வெல்டிங் வேலையைப் பார்த்தவர் படும் துன்பம் இதுவே. தோலில் பட்டால் வெந்து சிவக்கும். கைகளையோ உடலின் பிற பகுதிகளையோ தூய்மை செய்யப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. கையில் பிடிக்கும் விளக்குகள் சில, பாதுகாப்பற்ற அளவில் கதிரை வெளியிடுவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் அறிவித்தது.

வேறு இடர்களும் உள. விளக்கு உடைந்தால் அதனுள் உள்ள பாதரசம் வெளிப்படும். சில வகை விளக்குகள் ஓசோன் வாயுவை உண்டாக்கும். அது நுரையீரலுக்குத் தீங்கானது. குழந்தைகள் ஓடியாடும் சிறு வீட்டில் இத்தகைய விளக்கை வைப்பது, கொசுவை விரட்ட நெருப்பை மூட்டிவிட்டுக் கூரையைக் கவனியாதிருப்பதற்கு ஒப்பாகும். ஆகவே கவசத் தூய்மைக்கென்று புற ஊதா விளக்கு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அப்பணத்திற்குப் பல நாள்களுக்கு வேண்டிய புதுக் கவசங்களை வாங்கலாம்.

நாம் செய்ய வேண்டுவன

1. துணிக் கவசம்: மூன்று அடுக்கு உடையதாக இருத்தல் நன்று. நாள்தோறும் ஒரு முறையேனும் சோப்பிட்டுத் துவைக்க வேண்டும். கைபொறுக்காத சூடு, 60 பாகை அளவு வெந்நீர் கிடைத்தால் அதில் ஊறவைத்துத் துவைப்பது சிறப்பு. பின் வெயிலில் நன்றாக உலர்த்தி அணியலாம். மீண்டும் மீண்டும் பயன்படுத்தவென்றே உண்டாக்கப்பட்டது இதுவே.

2. மூன்றடுக்குக் கவசம்: ஒரு முறைக்கே உரியது. நனைந்தாலோ அழுக்கானாலோ கிழிந்தாலோ உடனே மாற்றுக. துவைத்து அணிய வேண்டாம்.

3. என்-95 கவசம்: சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ நனைக்கலாகாது, நனைத்தால் இழைகளின் மின்னேற்றம் போய், வடிகட்டும் திறன் குன்றிவிடும். பார்ப்பதற்குப் புதிது போலவே இருப்பதால் ஏமாற நேரும். பஞ்ச காலத்தில் கைக்கொண்ட மற்றொரு முறை, ஒருவர் ஐந்து கவசங்களை வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாக அணிவது. அணிந்ததைக் காற்றுப் புகும் தாள் பையில் இட்டு, ஐந்து நாள் கடந்த பிறகே மீண்டும் எடுப்பது. விளக்கின்றி, செலவின்றிச் செய்யத்தக்க முறை அது. அப்போதும் கறை, கிழிசல், வார்த் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால் எறிந்துவிடுக.

4. தூள், மருந்து வேலைக் கவசம்: அவ்வேலைக்கு மட்டுமே வைத்துக்கொள்க. அதனை வீட்டுக்குக் கொண்டு சென்று பிள்ளைகளின் துணியோடு வைத்தலாகாது. வடிகட்டும் பகுதியை எப்போது மாற்ற வேண்டும் என்பதை ஸ்டோர் பொறுப்பாளரிடம் கேட்டறிக.

5. கழற்றும் முறை: முன்பக்கத்தைத் தொடாமல் வாரைப் பிடித்துக் கழற்றி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் இட்டுக் கைகளைச் சோப்பினால் கழுவுக. கழுத்தில் தொங்கவிட்டு, வெற்றிலை போடுவதற்கும் தேநீர் குடிப்பதற்கும் மேலும் கீழும் இழுப்பது கூடாது.

6. நோய்க் குறி: இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, கவசத்தை மட்டும் நம்பி இராமல் தோட்ட மருத்துவ உதவியாளரையோ அரசாங்கச் சுகாதார நிலையத்தையோ நாடுக. வீட்டுச் சன்னல்களைத் திறந்து வைப்பது காசநோய்க் கிருமியைக் காற்றோடு போக்கும் செலவில்லாத மருந்து.

ஹார்பினில் டாக்டர் வூ லியன் தே பயன்படுத்தியது காஸ் துணியும் பஞ்சுமே. நோய் எவ்வழி வருகிறது என்பதை அறிந்து, அவ்வழியை அடைத்தமையாலேயே அந்த எளிய கவசம் உயிர்களைக் காத்தது. இன்று நம்மிடம் அவரிடம் இல்லாத கருவிகள் பல உள்ளன. ஆயினும் ஒளியறை மருத்துவமனைக்கு. சோப்பும் நீரும் வெயிலும் நம் வீட்டுக்கு. அவ்வவற்றை அவ்வவற்றின் இடத்தில் பயன்படுத்துவதே அறிவுடைமை.

சிந்தித்து விடை காண்க

இவ்வினாக்களை மாலை வேளையில் குடும்பத்தாரோடும் அண்டை வீட்டாரோடும் கலந்து பேசுக.

1. ஒரு பக்கத்தில் மட்டும் கதிர் பட்ட கவசத்தை ஏன் தூய்மையானது எனக் கொள்ளலாகாது?

2. ஒளியின் வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிவாட் என்றால், ஒரு பக்கத்திற்கு 1 ஜூல் கிடைக்க எத்தனை நிமிடம் வேண்டும்?

3. மருந்து தெளித்த கவசத்தை வெயிலில் உலர்த்தி அணியும் நண்பருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

4. உங்கள் வீட்டில் உள்ள கவசங்கள் எவ்வகையின? அவற்றுள் துவைக்கத் தக்கது எது, எறியத் தக்கது எது?